வடிகால் எங்கே போய் முடிகிறது?

2024 ஆகஸ்ட் 17 அன்று அத்திக்கடவு-அவினாசித் திட்டம் தொடங்கிவைக்கப்பட்டது. அறுபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கொங்கு விவசாயிகள் கேட்டும் போராடியும் பெற்ற திட்டம் அது. காளிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே பவானியில் மிகையாக ஓடும் நீரில் ஆண்டுக்கு ஒன்றரை டிஎம்சி எடுக்கிறார்கள். ஆறு நீரேற்று நிலையங்கள் அதை மேடேற்றுகின்றன. ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் பதித்த குழாய்களின் வழியே ஈரோடு, திருப்பூர், கோவை மாவட்டங்களின் 1,045 ஏரி, குளம், குட்டைகளுக்கு அந்தத் தண்ணீர் போய்ச் சேர வேண்டும். செலவு 1,916 கோடி ரூபாய்.

அடுத்து வந்த அக்டோபரில், ஒரு மாலை மழைக்கே கோவை சாய்பாபா காலனியை ஒட்டிய ரயில்வே பாலத்தின் அடியில் தனியார் பேருந்து ஒன்று தண்ணீரில் மாட்டிக்கொண்டது. உள்ளே இருந்தவர்களைப் பத்திரமாக வெளியே கொண்டுவர வேண்டியதாயிற்று. கோவைக்காரர்களுக்கு இது பழகிப்போன காட்சி. லங்கா கார்னர், கிக்கானி பள்ளிப் பாலம், அவினாசி ரோடு சுரங்கப்பாதை என்று எந்த இடத்தில் தண்ணீர் தேங்கும் என்பது மழை தொடங்கும் முன்பே எல்லோருக்கும் தெரியும். மாநகராட்சி மோட்டார் வைத்து இறைக்கும். மறுநாள் காலையில் ரோடு காய்ந்திருக்கும்.

ஒருபுறம் தண்ணீரைத் தொலைவிலிருந்து மேடேற்றிக் கொண்டுவருகிறோம். மறுபுறம் தலைமேல் விழும் தண்ணீரை எப்படியாவது விரட்டிவிடத் துடிக்கிறோம். கோவை மாநகராட்சியின் பரப்பு 257 சதுர கிலோமீட்டர். ஆண்டு மழையை 600 மில்லிமீட்டர் என்று வைத்துக் கணக்குப் போட்டால், நகரத்தின் மேல் விழும் நீர் 15 கோடி கனமீட்டரைத் தாண்டுகிறது. டிஎம்சியில் சொன்னால் சுமார் ஐந்தரை. இதில் பெரும்பகுதி ஆவியாகும், மண்ணில் ஊறும், மரம் குடிக்கும். நாலில் ஒரு பங்கு மட்டுமே வழிந்தோடுகிறது என்று கொண்டாலும், அது ஏறக்குறைய அத்திக்கடவுத் திட்டம் ஓராண்டில் கொண்டுவரும் நீருக்குச் சமம். அத்திக்கடவுத் திட்டம் வேண்டாம் என்பதற்காக இந்தக் கணக்கைச் சொல்லவில்லை. அன்னூர், அவினாசி, பெருந்துறை வட்டாரங்களுக்கு அது உயிர்நீர். மழைநீர் வடிகால் என்ற கட்டுமானத்தை எந்த அளவுகோலால் மதிப்பிடுகிறோம் என்பதுதான் இங்கே கேள்வி.

இப்போதைய அளவுகோல் கிலோமீட்டர். இத்தனை கிலோமீட்டருக்கு வடிகால், இத்தனை கோடி ஒதுக்கீடு, இத்தனை சதவீதம் பணி முடிந்தது என்று அறிக்கைகள் சொல்கின்றன. அந்த வடிகால் எங்கே போய் முடிகிறது, அதில் என்ன ஓடுகிறது, பத்து ஆண்டு கழித்து அதை யார் தூர்வாருவார்கள் என்ற கேள்விகளுக்கு அறிக்கையில் இடமே இல்லை. ஒரு வடிகால் நீடித்து உழைக்குமா என்பதை முடிவு செய்வது இந்தக் கேள்விகள்தான்.

கோவைக்கு நீர்வழி அமைப்பு புதிதல்ல. வெள்ளியங்கிரி மலைத்தொடரில் பிறந்து இறங்கும் நொய்யலைச் சித்திரைச்சாவடி அணைக்கட்டில் மறித்தார்கள். அங்கே பிரியும் வாய்க்கால் கோளராம்பதி, நரசாம்பதி, கிருஷ்ணாம்பதி, செல்வாம்பதி, முத்தண்ணன் குளம் என்று ஒவ்வொன்றாக நிரப்பிக்கொண்டு வரும். அதற்குக் கீழே கோயம்புத்தூர் அணைக்கட்டு. அதன் வாய்க்காலில் செல்வசிந்தாமணி குளம், உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம். தெற்கே குறிச்சி, கிழக்கே சிங்காநல்லூர், இன்னும் கீழே இருகூர், சூலூர். ஒரு குளம் நிரம்பிக் கலிங்கு வழிந்தால் அடுத்த குளத்துக்குப் போகும். எல்லாம் நிரம்பிய பிறகு மிச்சம் நொய்யலுக்கே திரும்பும். மழைமறைவு நாட்டில் வாழ்ந்தவர்கள் ஒவ்வொரு சொட்டையும் இரண்டு மூன்று இடங்களில் நிறுத்தி வைத்துத்தான் கீழே விட்டார்கள். பாசனத்துக்காக வெட்டியதுதான் என்றாலும், பெருமழை நாளில் வெள்ளத்தின் வேகத்தைத் தணித்ததும் இதே சங்கிலிதான். குளங்களுக்குக் கீழே இருப்பது கெட்டிப் பாறை. ஆயிரம் அடி துளைத்தும் வெறும் புழுதி பறக்கும் ஊர்களில், கிணறுகளுக்கு ஊற்று கொடுத்தவை இந்தக் குளங்கள்.

நகரம் வளர்ந்தபோது இந்தச் சங்கிலியின் கண்ணிகள் ஒவ்வொன்றாக அறுந்தன. அறுத்தவர்கள் தனியார் மட்டும் அல்லர். வாலாங்குளத்தின் குறுக்கே ரயில் பாதை போகிறது. புறவழிச் சாலையும் அதை ஒட்டியே போகிறது. அம்மன்குளத்தில் குடிசை மாற்று வாரியம் கட்டிய அடுக்குமாடி ஒன்று 2010-இல் மண்ணுக்குள் புதைந்து சாய்ந்து, கடைசியில் இடிக்கப்பட்டது. ஒரு காலத்துக் குளத்து நிலத்தில் ஏழைகளுக்கு வீடு கட்டிக் கொடுக்க அரசே துணிந்ததன் விலை அது. 2011-இல் மாநகராட்சி 72 வார்டுகளிலிருந்து 100 வார்டுகளாக விரிந்தது. பரப்பு இரண்டு மடங்குக்கு மேல் கூடியது. ஊராட்சியாகவும் பேரூராட்சியாகவும் இருந்த இடங்களின் பள்ளங்களும் ஓடைகளும் நகரத்தின் பொறுப்புக்கு வந்தன. அவற்றின் கரைகளில் அதற்குள் மனை பிரித்து விற்று முடித்திருந்தார்கள்.

ஒரு மனையின் கணக்கைப் பார்த்தால் இந்த விரிவின் பொருள் புரியும். ஒரு சென்ட் நிலத்தில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் விழும் தண்ணீர் சுமார் 405 லிட்டர். ஐந்து சென்ட் மனையில் ஆறு சென்டிமீட்டர் மழை என்றால் 12,000 லிட்டர், அதாவது ஒரு டேங்கர் லாரி. அந்த மனை சோளக்காடாக இருந்தவரை மண் பெரும்பங்கைக் குடித்துவிடும். வீடு கட்டி, முற்றத்துக்கு டைல்ஸ் போட்டு, வாசல் வரை கான்கிரீட் இழுத்த பிறகு பத்தில் ஒன்பது பங்கு தெருவுக்கு வரும். ஆயிரம் வீடு கொண்ட ஒரு நகர் என்றால், அந்த ஒரு மழையில் சுமார் தொள்ளாயிரம் லாரித் தண்ணீர் தெருவில் இறங்குகிறது. எத்தனை அகலமான வடிகால் கட்டினாலும், வீடுகள் பெருகப் பெருக அது குறுகலாகிக்கொண்டே போகும். 2003-இல் தமிழகம் முழுவதும் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர் சேகரிப்பு இந்தக் கணக்கைத்தான் மாற்ற முனைந்தது. சட்டம் இன்னும் இருக்கிறது. மொட்டைமாடியிலிருந்து இறங்கும் குழாய் உறைகிணற்றில் முடிகிறதா, வாசல் சாக்கடையில் முடிகிறதா என்று கட்டட அனுமதி கொடுத்தவர்கள் திரும்பப் போய்ப் பார்க்க வேண்டும்.

வடிகாலின் உடல்நலத்தை அறியப் பொறியாளரோ கருவியோ வேண்டியதில்லை. மழை பெய்து இரண்டு மாதம் ஆன ஒரு மார்ச் மாத நண்பகலில் அதைப் போய்ப் பார்த்தால் போதும். மழைநீர் வடிகால் என்றால் அன்று அது காய்ந்து கிடக்க வேண்டும். கோவையில் பல வடிகால்களில் அன்றும் கறுப்பாக ஏதோ ஓடிக்கொண்டிருக்கும். அது வீடுகளின், ஓட்டல்களின், பட்டறைகளின் கழிவுநீர். உக்கடத்தில் நாளொன்றுக்கு 7 கோடி லிட்டர், ஒண்டிப்புதூரில் 6 கோடி லிட்டர், நஞ்சுண்டாபுரத்தில் 4 கோடி லிட்டர் சுத்திகரிக்கும் நிலையங்கள் கட்டப்பட்டிருக்கின்றன. பாதாள சாக்கடை இணைப்பு எட்டாத வீட்டின் கழிவு அங்கே போகாது; அருகில் இருக்கும் வடிகாலுக்குத்தான் போகும். வடிகால் குளத்துக்குப் போகும். குளத்தில் ஆகாயத்தாமரை மூடும். பிறகு அதை அகற்ற ஒரு டெண்டர், ஆறு மாதம் கழித்து மறுபடியும் ஒரு டெண்டர். ஆகாயத்தாமரையை எத்தனை முறை வாரினாலும், மேலே வடிகாலில் கலக்கும் கழிவை நிறுத்தாதவரை அது திரும்ப முளைக்கும்.

இதில் அதிகம் பேசப்படாத இன்னொரு பக்கம் உண்டு. மழைநீர் வடிகாலில் மழைநீர் மட்டும் ஓடினால், அதைத் தூர்வாருவது மண் அள்ளும் வேலை. மலக்கழிவு கலந்து ஓடினால், ஸ்லாபைத் தூக்கி உள்ளே இறங்கும் தொழிலாளி செய்வது சாக்கடை சுத்தம் செய்யும் வேலை. 2013-ஆம் ஆண்டுச் சட்டம் கழிவுநீர்க் குழாய்க்குள்ளும் மலத்தொட்டிக்குள்ளும் மனிதரைப் பாதுகாப்பின்றி இறக்குவதைத் தடைசெய்கிறது. வடிகால் என்று பெயர் வைத்துவிட்டால் அந்தப் பாதுகாப்பு நழுவிப்போகிறது. ஒரு கட்டுமானம் நீடித்து நிற்பதற்காக, ஆண்டுதோறும் சில மனிதர்கள் நஞ்சில் இறங்கித்தான் ஆக வேண்டும் என்றால், அந்தக் கட்டுமானத்தை நல்லது என்று எந்தத் தணிக்கையும் எழுதக்கூடாது.

கழிவு கலந்த நீரைத் தேக்கினால் என்ன ஆகும் என்பதற்குக் கொங்கு நாட்டிலேயே சான்று இருக்கிறது. பாசனத்துக்காக நொய்யலின் குறுக்கே ஒரத்துப்பாளையத்தில் கட்டிய அணை, திருப்பூர்ச் சாயக்கழிவின் தொட்டியாக மாறியது. அந்தத் தண்ணீரைத் திறக்காதீர்கள் என்று ஆயக்கட்டு விவசாயிகளே போராடினார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்ட பிறகுதான் நிலைமை திரும்பத் தொடங்கியது. அந்த அணை உறுதியாகத்தான் நின்றது. அது பிடித்து வைத்த தண்ணீர்தான் வயலுக்கு உதவவில்லை. அதே ஆண்டு நவம்பரில் அதே திருப்பூரில், சங்கிலிப்பள்ளம் ஓடையில் இரவோடு இரவாக வந்த வெள்ளம் கரையோரத்தில் வாழ்ந்தவர்களின் உயிரைப் பறித்தது. ஆண்டு முழுக்கச் சாக்கடையாகக் கிடக்கும் ஓடையை ஓடை என்று யாரும் நினைப்பதில்லை. ஒரு நாள் மேலே மழை பெய்யும்போது அது தன் பழைய அகலத்தைக் கேட்கும்.

கோவையின் சங்கனூர்ப் பள்ளமும் அப்படித்தான். குருடிமலைப் பக்கத்து மழைநீரைத் துடியலூர், கவுண்டம்பாளையம், ரத்தினபுரி வழியாகக் கொண்டுவந்து சிங்காநல்லூர் பக்கம் சேர்க்கும் பெரிய ஓடை அது. மாநகரின் வடபாதியின் உண்மையான மழைநீர் வடிகால் அதுவே. மேட்டுப்பாளையம் ரோட்டுக்கும் சத்தி ரோட்டுக்கும் இடையே அதைத் தூர்வாரிக் கான்கிரீட் கரை எழுப்பும் பணி நடந்தபோது, 2025 ஜனவரியில் கரையை ஒட்டிய வீடு சரிந்து ஓடைக்குள் விழுந்தது. அந்தக் காட்சியை நாடே பார்த்தது. எல்லோரும் ஆக்கிரமிப்பு என்றார்கள். ஓடையின் விளிம்பு வரை வீடு வந்தது ஒரே நாளில் அல்ல; மின் இணைப்பும் வரி ரசீதும் வந்துகொண்டே இருந்த பல ஆண்டுகளில். முத்தண்ணன் குளம், வாலாங்குளம், பெரியகுளக் கரைகளில் வாழ்ந்த ஆயிரக்கணக்கான குடும்பங்கள் கீரணத்தம், மலுமிச்சம்பட்டி, வெள்ளலூர் என்று நகரத்தின் ஓரங்களுக்கு அனுப்பப்பட்டன. வேலையும் பள்ளிக்கூடமும் நகரத்துக்குள், வீடு பல கிலோமீட்டர் தள்ளி. நீர்வழியை மீட்கத்தான் வேண்டும், அதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை. அந்த மீட்பின் சுமை கூலிவேலை செய்பவர்களின் தலையில் மட்டும் ஏறினால், அதை நியாயம் என்று சொல்ல முடியாது.

மீட்ட ஓடையை என்ன செய்கிறோம் என்பது அடுத்த கேள்வி. ஈரோட்டில் பெரும்பள்ளம் ஓடைக்குச் சீர்மிகு நகரத் திட்டத்தில் கான்கிரீட் கரை கிடைத்தது. சங்கனூர்ப் பள்ளத்துக்கும் அதே வைத்தியம். கான்கிரீட் ஓடை பார்க்கச் சுத்தமாக இருக்கும், தூர்வார எளிது, குறுகிய இடத்தில் நிறையத் தண்ணீரைக் கடத்தும். இருபுறமும் வீடு நெருக்கும் இடத்தில் வேறு வழி இல்லாமலும் போகலாம். ஆனால் வேகமாகக் கடத்தும் ஓடை, கீழே இருக்கும் ஊருக்கு வெள்ளத்தை வேகமாகவே அனுப்பும். நீர் மண்ணில் இறங்க வழியும் இருக்காது. சிங்கப்பூர் இந்தப் பாதையில் வெகுதூரம் போய்த் திரும்பிய ஊர். வெள்ளத்துக்குப் பயந்து கல்லாங் ஆற்றை நேர்க்கோடான கான்கிரீட் கால்வாயாக மாற்றியிருந்தார்கள். பீஷான்-அங் மோ கியோ பூங்காவை ஒட்டிய 2.7 கிலோமீட்டர்க் கால்வாயைப் பெயர்த்தெடுத்து, 3.2 கிலோமீட்டர் வளைந்து ஓடும் ஆறாக 2012-இல் திருப்பிக் கொடுத்தார்கள். மழை இல்லாத நாளில் குழந்தைகள் கால் நனைக்கிறார்கள். பெருமழையில் புல்வெளியே ஆற்றின் அகலமாகிறது. நிலத்துக்கு அத்தனை விலை சொல்லும் தீவு நாடு தண்ணீருக்கு இடம் விட்டது. வெள்ளக்கிணறு, துடியலூர்ப் பக்கம் இன்னும் வெற்றிடம் மிச்சமிருக்கும்போதே கோவை அதைச் செய்ய முடியும். இன்னும் பத்து ஆண்டு தாமதித்தால் அந்த இடத்திலும் மதில் எழும்பியிருக்கும்.

கோவைக் குளங்களுக்கும் சீர்மிகு நகரத் திட்டத்தில் பெரும் பணம் வந்தது. 2016-இல் நாட்டின் முதல் இருபது நகரங்களில் ஒன்றாகத் தேர்வான பிறகு உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம் உள்ளிட்ட குளங்களில் நடைபாதை, விளக்கு, இருக்கை எல்லாம் வந்தன. இவற்றைக் குறை சொல்வது எளிது, ஆனால் அது முழு உண்மை ஆகாது. மாலையில் குடும்பம் குடும்பமாக மக்கள் வந்து உட்காரும் கரையில் லாரி லாரியாகக் கட்டட இடிபாட்டைக் கொட்ட யாரும் துணிய மாட்டார்கள். குளத்துக்கு முதுகைக் காட்டி வளர்ந்த நகரம் மறுபடி அதைத் திரும்பிப் பார்க்கிறது. பணத்தைச் செலவிட்ட வரிசைதான் தவறு. முதலில் குளத்துக்கு வரும் நீரைச் சுத்தமாக்கி, வாய்க்காலைத் திறந்து, வண்டலை அளந்து எடுத்து, மதகையும் கலிங்கையும் சரிசெய்துவிட்டுக் கடைசியில் கரையை அழகுபடுத்தியிருக்க வேண்டும். கரையோரச் சேற்றில் நாரைகளும் கொக்குகளும் மேய்ந்த இடத்தில் செங்குத்தாகக் கல் அடுக்கியதால் பறவைகளும் இடம் இழந்தன. 2017-இல் மாநகராட்சியே நகர்ப்புறப் பல்லுயிர்ப் பாதுகாப்பு மண்டலமாக அறிவித்த சிங்காநல்லூர்க் குளம், பெரிய அலங்காரம் எதுவும் இல்லாமல், மரங்களும் பறவைகளுமாக இன்னும் குளமாகவே இருக்கிறது. அதற்குள் வரும் கழிவை நிறுத்திவிட்டால் வேறெதுவும் செய்ய வேண்டியதில்லை.

2017 முதல் ஞாயிறுதோறும் மண்வெட்டியோடு குளத்தில் இறங்கிய கோவை குளங்கள் பாதுகாப்பு அமைப்பின் தொண்டர்கள், 2003 வறட்சிக் காலத்தில் தொடங்கிய சிறுதுளி அமைப்பு என்று குடிமக்கள் தங்கள் பங்கைச் செய்துவிட்டார்கள். நீரே எட்டிப் பார்க்காமல் கிடந்த வெள்ளலூர்க் குளத்துக்கு வாய்க்காலைத் தூர்வாரித் தண்ணீர் வரவழைத்துக் காட்டியது அப்படிப்பட்ட உழைப்பு. கழிவுநீர் இணைப்பு, டெண்டர், கட்டட அனுமதி இவை தொண்டர்களின் கையில் இல்லை.

சீனாவின் ஜெங்ஜோ நகரம் தரும் எச்சரிக்கையையும் மறக்கக் கூடாது. நீரை உறிஞ்சி வைக்கும் நகரமாக மாறப் பெரும்பணம் செலவிட்ட அந்த ஊரில் 2021 ஜூலை 20 அன்று ஒரே மணி நேரத்தில் 201.9 மில்லிமீட்டர் மழை கொட்டியது. சுரங்க ரயிலுக்குள் பயணிகள் மூழ்கி இறந்தார்கள். எந்தக் குளமும் எந்த வடிகாலும் எல்லா மழையையும் தாங்காது. ஆகவே தாங்காத நாளில் தண்ணீர் எந்த ரோட்டில் போகலாம், எந்த மைதானத்தில் நிற்கலாம், எந்தப் பாலத்தடியை எத்தனை மணிக்கு மூட வேண்டும் என்பதும் வடிகால் திட்டத்தின் பகுதி. பேருந்து ஓட்டுநர் தண்ணீரின் ஆழத்தைக் கண்ணால் ஊகிக்கும் நிலை ஒரு மாநகரத்தில் இருக்கக் கூடாது. பாலத்தூணில் அளவுக்கோடும், மழை வலுக்கும்போது தானாக விழும் தடுப்புக் கம்பியும் வைக்க ஒரு கிலோமீட்டர் வடிகாலின் செலவுகூட ஆகாது.

தார் மேல் தார் போட்டுச் சாலைகள் உயர்ந்துகொண்டே போவதும் இதில் சேர்ந்ததுதான். பழைய அடுக்கைச் சுரண்டிவிட்டுத்தான் புதிய தார் போட வேண்டும் என்று 2021-இல் அன்றைய தலைமைச் செயலாளர் இறையன்பு உத்தரவிட்டார். அதை மீறிய ஒவ்வொரு தெருவிலும் வடிகாலின் வாய் ரோட்டுமட்டத்துக்குப் பொருந்தாமல் போகிறது. கட்டிய வடிகால் காலியாக இருக்கும்; தண்ணீர் வீட்டுக்குள் இருக்கும்.

சென்னைக்கு 2021 வெள்ளத்துக்குப் பின் ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி வெ.திருப்புகழ் தலைமையில் வல்லுநர் குழு அமைக்கப்பட்டு, 2023-இல் இறுதி அறிக்கை தரப்பட்டது. கோவைக்கும் அப்படியொரு முழு ஆய்வு வேண்டும். வேளாண் பல்கலைக்கழகத்தில் நீண்டகால மழைப் பதிவு இருக்கிறது. நகரத்தில் பொறியியல் கல்லூரிகளுக்குப் பஞ்சமில்லை. ஒவ்வொரு வடிகாலும் எந்தக் குளத்தில் முடிகிறது, வறண்ட நாளில் அதில் எவ்வளவு கழிவு ஓடுகிறது, அந்தக் குளத்தின் கொள்ளளவில் எவ்வளவு வண்டலாகிவிட்டது, பராமரிப்புக்கு அந்த ஆண்டு எவ்வளவு ஒதுக்கி எவ்வளவு செலவிட்டார்கள் என்ற நான்கு தகவல்களை ஆண்டுதோறும் செப்டம்பருக்குள் வார்டு வாரியாக வெளியிட்டால், மாமன்றக் கூட்டத்தில் கேட்கப்படும் கேள்விகளே மாறிவிடும். புதிய வடிகாலுக்கான ஒவ்வொரு டெண்டரிலும் பத்தாண்டுப் பராமரிப்புச் செலவைச் சேர்த்தே ஒப்புதல் கேட்க வேண்டும்.

எங்கே தொடங்குவது என்று தயங்க வேண்டியதும் இல்லை. லங்கா கார்னரிலிருந்து வாலாங்குளம் நடந்து போகும் தூரம்தான். அந்த ஒரு நீர்ப்பிடிப்புப் பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு, அதில் கலக்கும் கழிவுநீர் இணைப்புகளைத் துண்டித்துப் பாதாள சாக்கடையில் சேர்த்து, அரசு மருத்துவமனை, ரயில் நிலையம், அலுவலக வளாகங்களின் கூரைநீரை அந்தந்த இடத்திலேயே நிலத்தில் இறக்கி, மிச்சத்தை வடிகட்டிக் குளத்துக்கு விட்டுப் பார்க்கலாம். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன் வேலையை முடித்து, டிசம்பர் கடைசியில் பாலத்தடியில் எத்தனை நாள் தண்ணீர் நின்றது, குளத்து மட்டம் எத்தனை அடி ஏறியது என்ற கணக்கை மாநகராட்சி மக்கள் முன் வைக்கட்டும். அந்தக் கணக்கைப் பார்த்த பிறகு மற்ற பாலங்களுக்குப் பணம் கேட்கலாம்.